வெளிநாட்டுக்காரனோடு கூட்டா, பக்கத்து மலைக்காரரோடு கூட்டா?

2024 பெப்ரவரி 4, நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்

அண்ணே, நானும் மனைவியும் ஸ்ட்ரோபெரி ஜேம் போடுகிறோம். இரண்டு பேர் கூட்டுச் சேரக் கேட்கிறார்கள். ஒருவர் கண்டியில் பொதி செய்யும் ஆலை வைத்திருக்கிறார். போத்தல், லேபல், லொறி எல்லாம் அவரிடம் உண்டு. மற்றது டுபாயில் கடைகள் நடத்தும் ஒரு கம்பனி. என் அபிப்பிராயம், வெளிநாட்டுக்காரன்தான் நல்லது. அவனிடம் எல்லாம் எழுத்தில் இருக்கும். நம்மாட்களிடம் பேச்சு மட்டும்தான், அதுவும் மாறும். நான் சொல்வது பிழையா?

பெப்ரவரி 4, இரவு

பாதி சரி. எழுத்தில் இருக்கும், உண்மை. அது யாருடைய எழுத்து என்று பார்த்தீர்களா தம்பி?

நான் பண்டாரவளைப் பக்கம் கையால் சுருட்டும் தேயிலை செய்கிறவன். 2016ல் உள்ளூரில் ஒரு கூட்டு, 2018ல் வெளிநாட்டில் ஒன்று. இரண்டாலும் சோறு தின்றிருக்கிறேன், இரண்டிலும் அடிபட்டிருக்கிறேன். விவரம் நாளையோ மறுநாளோ எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்று மட்டும்: டுபாய்க்காரர் உங்கள் ஜேமை வாங்கி விற்றால் அது வெறும் வியாபாரம். அவருக்காக நீங்கள் சீனியைக் குறைத்து, உங்களுக்காக அவர் தன் கடையில் ஒரு தட்டை ஒதுக்கி, இருவரும் இனிப் பழையபடி திரும்ப முடியாது என்ற நிலை வந்தால்தான் அது கூட்டு. முதலில் அவர்கள் இருவரும் உங்களுக்காக எதை மாற்றப்போகிறார்கள் என்று கேளுங்கள்.

பெப்ரவரி 6

உள்ளூர்க் கதை.

2016ல் எனக்குச் சொந்தப் பட்டறை கிடையாது. நாற்பது சிறு தோட்டக்காரர்கள் என்னை நம்பிக் கொழுந்து தந்தார்கள், டிமோ பட்டா என்கிற ஒரு பழைய சின்ன லொறி இருந்தது, அவ்வளவுதான். வெலிமடைப் பக்கம் கொழுந்து வாங்கும் பேக்டரி ஒன்று. அதன் முதலாளி எங்கள் அக்கா கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்து இரவுச் சாப்பாடு வரை இருந்தவர். பேச்சு இதுதான்: இரண்டு இலை ஒரு மொட்டாக மட்டும் நான் எடுத்துக் கொடுப்பேன். புதன், சனி இரவுகளில் அவர் அதைத் தனியாக வாட்டி, தனியாக ரோலரில் போட்டுத் தருவார். ஏல விலைக்கு மேல் கிடைப்பதில் பாதி பாதி. எழுதியது அரைப் பக்கம், அதுவும் கொழுந்துச் சிட்டையின் பின்பக்கத்தில்.

முதல் வருடம் தங்கம். கண்டியில் ஒரு ஹோட்டல் மாதாமாதம் வாங்கியது. 2017 ஏப்ரல் மழைக்குப் பிறகு மலை முழுக்கக் கொழுந்து கொட்டியது. ஒரு புதன்கிழமை 450 கிலோ கொடுத்தேன். நாலரை கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது மலையில் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. 100 கிலோ வரவேண்டும். வந்தது 121. மழைக் கொழுந்தில் தண்ணீர் அதிகம் என்பதால் உண்மையில் 100க்கும் குறைந்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். கூடுதலாக வந்ததற்கு எந்த முட்டாள் சண்டைக்குப் போவான்?

மூன்று கிழமை கழித்து ஹோட்டல்காரர் கூப்பிட்டு, "தேத்தண்ணி நிறம் செத்துப்போச்சே" என்றார். அன்றைக்கே வெலிமடைக்கு ஏறினேன். என் சாக்குகளை மட்டும் நீல நைலோன் கயிற்றால் கட்டுவது வழக்கம். கொழுந்து வாட்டும் ட்ரஃப் என்ற நீளத் தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தால் நீலக் கயிறும் சிவப்புக் கயிறும் சணல் கயிறும் ஒரே குவியலாகக் கிடந்தன. என் கொழுந்தோடு முற்றிய இலையும் தண்டும் சேர்ந்து ஒரே ட்ரஃபில் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற பையன் என்னைப் பார்த்ததும் குனிந்து நீலக் கயிறுகளை மட்டும் பொறுக்க ஆரம்பித்தான்.

சண்டை வரவில்லை. எப்படி வரும்? அக்கா கல்யாண அல்பத்தில் அந்த மனிதர் மூன்று படத்தில் இருக்கிறார். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவர் ஃபோன் எடுக்க எடுக்கத் தாமதமானது. ஒரு புதன் "கரண்ட் இல்லை", ஒரு சனி "டீமேக்கருக்குச் சுகமில்லை" (டீமேக்கர் என்றால் பேக்டரியில் தூள் தயாரிப்பைப் பார்ப்பவர்). எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். எங்கள் கூட்டு எந்தத் தேதியில் முடிந்தது என்று இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

சாதாரணக் கொழுந்து விற்பதில் இந்தத் தொல்லை குறைவு. அங்கே 68க்கு 32 என்று தேயிலைச் சபையின் கணக்கு இருக்கிறது. விற்றுவரும் பணத்தில் பேக்டரிக்கு 68, கொழுந்துக்காரருக்கு 32.

பெப்ரவரி 7

தலைகீழாக எழுதிவிட்டேன். 68 கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பேக்டரிக்கு. சுட்டிக்காட்டிய பதுளை ஐயாவுக்கு நன்றி. நேற்றுப் பதிவுக்கு விருப்பம் போட்ட மூன்று பேரும் பேக்டரி வைத்திருப்பவர்கள் என்று இப்போதுதான் பார்த்தேன்.

பெப்ரவரி 11

இனி ஹம்பர்க் கதை. ஐரோப்பாவின் தேயிலை வியாபாரத்தில் ஒரு பெரிய பங்கு அந்தத் துறைமுகத்தைச் சுற்றி நடக்கிறது. அங்கே ஒரு சின்னப் பொதிக் கம்பனி, அண்ணன் தம்பி இருவர். 2018ல் வந்தார்கள், என் புதுப் பட்டறையில் இரண்டு நாள் தங்கினார்கள், ரொட்டியும் காரமான கட்டைச் சம்பலும் தின்று கண்ணீர் விட்டார்கள். போய் 23 பக்க ஒப்பந்தம் அனுப்பினார்கள்.

ஜேம் தம்பி சொன்ன எழுத்துச் சுத்தம் அதில் இருந்தது, நான் மறுக்கவில்லை. எந்தத் தரம், எத்தனை கிலோ, எந்த மாதம், எத்தனை நாளில் பணம், ஒவ்வொரு தொகுதிக்கும் பூச்சி மருந்து எச்சம் பார்க்கும் பரிசோதனை, அதன் செலவு யாருக்கு (எனக்கு), எல்லாம் உண்டு. பணம் ஒரு நாள் பிந்தியதில்லை. மாதிரித் தூளில் ஈரம் அரை சதவீதம் கூடினால்கூட மரியாதையாக மின்னஞ்சல் வரும். அந்த அண்ணன் தம்பியால்தான் நான் ஈரமானி வாங்கினேன், வாட்டும் அறைக்குக் கதவு போட்டேன், பதிவேடு எழுதப் பழகினேன். வெலிமடையில் இருபது வருடம் இருந்தாலும் இதைக் கற்றிருக்க மாட்டேன்.

அடி விழுந்த இடம் 17ஆம் பக்கம். பதுளையில் என் சட்டத்தரணி அந்தப் பக்கத்தில் விரலை வைத்து, "பெயர் அவங்களுக்கு" என்றார். சரி, பெயர்தானே என்று கையெழுத்துப் போட்டேன். பாக்கெட்டில் எங்கள் மலையின் பெயர். அதற்குக் கீழே கொழுந்துக் கூடையோடு என் அம்மா. படத்தை அனுப்பியது நான், "தாராளமாகப் போடுங்கள்" என்று எழுதியதும் நான். ஐரோப்பாவில் பதிந்த உரிமை அவர்களுடையது. நாளைக்கு வேறொருவரோடு சேர்ந்து நான் அங்கே தேயிலை விற்றால் என் ஊர்ப் பெயரையும் போட முடியாது, பெற்ற தாயின் படத்தையும் போட முடியாது. அம்மாவிடம் சொன்னேன். "என்னையப் போய் யாருடா வாங்குனா?" என்று கேட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தார்.

இன்னொன்று, சிங்க முத்திரை. வாளேந்திய சிங்கத்தோடு தேயிலைச் சபை தருகிற இலச்சினை. முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்தால் மட்டும் போதாது, இலங்கையிலேயே பொதி செய்திருக்க வேண்டும். ஹம்பர்க்கில் பொதி செய்தால் சிங்கம் கிடையாது. ஆக அந்தப் பாக்கெட்டில் சிங்கமும் இல்லை, என் கம்பனிப் பெயரும் இல்லை. ஜேம் தம்பி, டுபாய்க்காரர் வாளியில் வாங்கிப் போத்தலில் அடைப்பாரா, நீங்களே அடைத்து அனுப்புவீர்களா? இதை இன்றைக்கே கேளுங்கள்.

பெப்ரவரி 12

ஒரு அன்பர் கேட்கிறார்: "எங்கள் தோட்டத்தில் ஏற்கெனவே அலையன்ஸ் இருக்கிறது, பச்சைத் தவளைப் பலகை மாட்டியிருக்கிறார்கள், அது சர்வதேசக் கூட்டுத்தானே?" அது காட்டையும் தொழிலாளர் நலனையும் பார்த்துத் தரும் ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் ஐயா. தவளையோடு யாரும் பங்கு பிரிக்கத் தேவையில்லை.

பெப்ரவரி 18

பெரிய கம்பனிகள் பற்றி எழுதச் சொல்லி இரண்டு பேர் கேட்டார்கள். எனக்குத் தெரிந்தவரை.

மலையில் எல்லாரும் அறிந்தது வட்டவளை. தோட்டங்களின் நிர்வாகம் 1992ல் தனியார் கம்பனிகளுக்குப் போனதற்குப் பிறகு, வட்டவளைத் தோட்டங்களைப் பல வருடம் நடத்தியது கொழும்பு சன்ஷைனும் இந்திய டாடாவும் சேர்ந்து வைத்திருந்த ஒரு கம்பனி. உள்ளூர்க் கை ஒன்று, வெளியூர்க் கை ஒன்று. இதை உள்நாட்டுப் பெட்டியில் போடுவதா, வெளிநாட்டுப் பெட்டியில் போடுவதா? நம் கேள்வியே கொஞ்சம் கோணல் என்று இங்கேதான் எனக்குப் பட்டது.

விமானத்தில் இரண்டு மாதிரியும் பார்த்துவிட்டோம். 1998ல் எமிரேட்ஸ் நம் தேசிய விமானக் கம்பனியில் பங்கு வாங்கி, பத்து வருடத்துக்கு நிர்வாகத்தையும் எடுத்தது. 2008ல் தவணை முடிந்தது, புதுப்பிக்கவில்லை. 2014ல் அதே ஸ்ரீலங்கன், ஒன்வேர்ல்ட் என்ற விமானக் கம்பனிகளின் கூட்டணியில் சேர்ந்தது. இதில் யாரும் நிர்வாகத்தைக் கையில் எடுக்கவில்லை. ஒருவர் டிக்கெட்டில் இன்னொருவர் விமானத்தில் ஏறலாம், புள்ளிகள் சேரும், அவ்வளவுதான். முதலாவது வீட்டுக்குள் வந்து குடியிருப்பது. இரண்டாவது வாசலில் நின்று பேசுவது.

படிப்பதற்கென்றே சேர்ந்த கூட்டு வேண்டுமா? கலிபோர்னியாவில் ஜெனரல் மோட்டர்ஸும் டொயோட்டாவும் 1984ல் ஆரம்பித்த நும்மி தொழிற்சாலை. அமெரிக்கத் தொழிலாளர்களோடு எப்படி வேலை செய்வது என்று டொயோட்டா கற்றது. சின்னக் கார் எப்படிச் செய்வது என்று மற்றவர் கற்க வந்தார். 2010ல் மூடினார்கள். யார் அதிகம் கற்றார்கள் என்ற விவாதத்தை அமெரிக்கர்கள் இன்னும் விடவில்லை. என் ஈரமானியும் சின்ன அளவில் அப்படித்தான். ஹம்பர்க்காரர்கள் என்னிடம் கற்றது, கட்டைச் சம்பலுக்குத் தண்ணீர் குடித்தால் எரிவு கூடும் என்பது.

பெயர் விஷயத்துக்கு ஒரு ஆறுதல். ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதன்னையில் 1890ல் தேயிலை வியாபாரி தொமஸ் லிப்டன் கட்டிய பேக்டரி இன்னும் ஓடுகிறது. தோட்டத்தை நடத்துவது வேறு கம்பனி. லிப்டன் என்ற பெயரோ யூனிலீவரிடம் இருந்து, 2022ல் அதன் தேயிலைப் பகுதியோடு சேர்த்து ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. செடி ஒருவரிடம், பெயர் ஒருவரிடம். அங்கே லிப்டன் சீட் என்ற மலையுச்சியில் ஏறிச் செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது தேவையுமில்லை. என் அம்மா படம் பெரிய வரிசையில்தான் நிற்கிறது.

மார்ச் 2

மேலே எழுதியதை எல்லாம் திரும்பப் படித்தேன். உள்ளூரில் பேச்சு மாறும், வெளியூரில் பெயர் போகும் என்று முடித்த மாதிரி இருக்கிறது. அது சரியில்லை. 2022ஐ நான் எழுதவில்லை.

அதற்கு முந்திய வருடமே அரசாங்கம் போட்ட இரசாயன உரத் தடையால் தோட்டக்காரர்களின் கொழுந்து குறைந்துபோயிருந்தது. 2022 மார்ச்சில் ரூபா விழுந்தது. 200 சுற்றி இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தாண்டியது. அப்புறம் டீசல் இல்லை. எரிபொருளுக்குக் கியூஆர் அட்டை வருவதற்கு முந்திய அந்த ஜூன் மாதம் டிமோ பட்டா பதினொரு நாள் வரிசையில் நின்றது, நானும் உள்ளேயே தூங்கினேன். ஹம்பர்க்குக்கு நிலைமையை எழுதினேன். ஒரே நாளில் பதில் வந்தது. மிகவும் வருந்துகிறோம், நாட்டுக்காகப் பிரார்த்திக்கிறோம், ஒப்பந்தத்தின் 19ஆம் பிரிவின்படி 60 நாளுக்கு மேல் தாமதமானால் வேறிடத்தில் வாங்க எங்களுக்கு உரிமை உண்டு. அந்தப் பருவத்துக்கு நேபாளத்தில் வாங்கினார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை, எழுதியதைச் செய்தார்கள்.

பதினொராம் நாள் வரிசைக்கு ஒரு மோட்டார்சைக்கிள் வந்தது. முன்பு நீலக் கயிறு பொறுக்கிய அதே பையன், இப்போது மீசையோடு. பின்னால் நீலக் கேன் ஒன்றில் 20 லீட்டர். "முதலாளி குடுத்துட்டு வரச் சொன்னாரு." ஐந்து வருடமாக ஒரு வார்த்தை பேசாத மனிதர். எந்தச் சிட்டையின் பின்பக்கத்திலும் இது எழுதியிருக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். டீசல் தீர்வதற்கு முன், ஏப்ரலும் மேயும் எனக்கு யூரோவில் பணம் வந்தது. கையில் ரூபாவாக ஒன்றரை மடங்குக்கும் மேல். என் நாற்பது பேருக்கு நான் கொடுத்தது பழைய விலை. இரண்டு மாதம். அவர்களும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒரு அக்கா கொழுந்தை நிறுத்துக்கொண்டிருக்கும்போதே தராசைப் பார்த்தபடி, "டொலர் ஏறிச்சாமே தம்பி, உரமும் ஏறிச்சு" என்றார். அன்று மாலையே விலையைக் கூட்டினேன். முந்திய இரண்டு மாதத்து மிச்சத்தைக் கொடுக்க அடுத்த ஜனவரி ஆனது.

ஆக, 450 கிலோவுக்கு 121 வந்தபோது அவர் செய்ததும், இந்த இரண்டு மாதம் நான் செய்ததும் ஒரே ஜாதி. அந்த நாற்பது பேரோடு இருந்ததும் ஒரு கூட்டுத்தான். அதை நான் எண்ணிக்கையில் சேர்க்கவே இல்லை. "உள்ளூரில் ஒரு கூட்டு" என்று பெப்ரவரி 4ல் எழுதியிருக்கிறேன் பாருங்கள்.

மார்ச் 3

மனைவி இதைப் படித்துவிட்டு, "சொந்தத்துல பொண்ணு எடுத்தா சண்டைய வெளிய சொல்ல முடியாது, அந்நியத்துல எடுத்தா சொல்லி அழ ஆள் இருக்காது, இதுக்கா ஒரு மாசமா எழுதுறீங்க?" என்று கேட்டாள். நாங்கள் சொந்தத்தில் செய்தவர்கள். மேற்கொண்டு எழுத விரும்பவில்லை.

மார்ச் 10

பதுளை ஐயா ஒரு கேள்வி போட்டிருந்தார்: "உள்ளூரில் உடையாத கூட்டு ஒன்றாவது சொல்லுங்கள்." யோசித்தேன்.

ஹட்டன் டவுனில் எந்த வங்கிக் கார்டையும் வேறு வங்கியின் ஏடிஎம்மில் போட்டுப் பணம் எடுக்கலாம். ஒன்றின் வாடிக்கையாளரை மற்றது பிடுங்கப் பார்க்கும் வங்கிகள்தான். ஆனாலும் 2013லிருந்து லங்காபே இணைப்பில் ஒன்றாக இருக்கின்றன. கொழும்புத் தேயிலை ஏலம் 1883லிருந்து நடக்கிறது. 2020ல் கொரோனா வந்ததும் சில கிழமைகளில் கணினிக்கு மாறியது, நிற்கவில்லை. அப்புறம் நான் தலைகீழாக எழுதிய அந்த 68க்கு 32. கொழுந்துக்காரரும் பேக்டரியும் முறைத்துக்கொண்டாவது சேர்ந்தே இருக்கிறார்கள்.

மூன்றிலும் நடுவில் ஒருவர் நிற்கிறார். ஏடிஎம்முக்கு மத்திய வங்கி, கொழுந்துக்குத் தேயிலைச் சபை, ஏலத்துக்குத் தரகர்களும் எழுதிய விதிகளும். என் வெலிமடைக் கூட்டில் நடுவில் இருந்தது அக்கா கல்யாண அல்பம்.

ஹம்பர்க் ஒப்பந்தத்தில் நடுவர் உண்டு, பக்கம் 21: தகராறு வந்தால் ஹம்பர்க்கில் நடுத்தீர்ப்பு. வெளிநாட்டில் நின்று வென்ற தீர்ப்பை இங்கே கொழும்பு மேல் நீதிமன்றத்தில் பதிந்து நடைமுறைப்படுத்த 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் வழி செய்கிறது. வெளிநாட்டு நடுத்தீர்ப்புகளை ஏற்பதற்கான நியூயோர்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான். கேட்க நன்றாக இருக்கிறது. 2019ல் ஒரு தொகுதியைத் தரம் குறைவு என்று கழித்தார்கள், எனக்கு 4,000 யூரோ நட்டம். அங்கே ஒரு சட்டத்தரணியிடம் விசாரித்தேன். கோப்பைத் திறக்கவே அதைவிட அதிகம் சொன்னார். நடுவர் இருக்கிறார், கூப்பிடத்தான் காசு இல்லை. பெரிய கம்பனிக்கு அந்தப் பக்கம் ஒரு கவசம், எனக்கு அது அலங்காரம்.

அதனால், ஜேம் தம்பி, கண்டியா டுபாயா என்பதை ஓரமாக வையுங்கள். பிரச்சினை வந்தால் யாரிடம் போவது, போக என்ன செலவு, அங்கே போக உங்களுக்கு வெட்கமாக இருக்குமா? வெட்கத்தைச் சும்மா சேர்க்கவில்லை. அதுதான் எனக்கு 2017ல் அதிகச் செலவு வைத்தது.

மார்ச் 24

ஜேம் தம்பி தகவல் அனுப்பியிருக்கிறார். டுபாய்க்காரர் போத்தலில் அடைத்தே அனுப்பச் சொல்லிவிட்டார், ஆனால் வளைகுடா நாடுகள் ஆறுக்கும் அவர் ஒருவர்தான் விற்பாராம், ஐந்து வருடத்துக்கு. ஐந்து வேண்டாம் தம்பி. ஒன்று கேளுங்கள், இரண்டில் நில்லுங்கள். இத்தனை போத்தல் எடுக்காவிட்டால் அந்தத் தனியுரிமை தானாகப் போய்விடும் என்று ஒரு வரியும் வேண்டும். என் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாததால் சூரிச்சிலிருந்து வந்த ஒரு நல்ல ஆளைத் திருப்பி அனுப்பினேன்; சுவிற்சர்லாந்தும் ஹம்பர்க்காரர்களின் தனியுரிமைப் பட்டியலில் இருந்தது, அவர்களோ அங்கே ஒரு பாக்கெட்கூட விற்றதில்லை. பெயரை உங்கள் பெயரிலேயே பதியுங்கள், மனைவி படத்தைப் போட வேண்டாம். கண்டிக்காரரை விடவும் வேண்டாம், போத்தலும் லொறியும் யார் தருவது?

மே 19

இரண்டு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை, கொழுந்துப் பருவம்.

வெலிமடைக்குப் போய்வந்தேன். 20 லீட்டர் டீசலுக்கு நன்றி சொல்ல இரண்டு வருடம் பிந்திப் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேத்தண்ணி வந்தது. அவரே ஆரம்பித்தார்: "அந்த வருஷம் கொழுந்து கொட்டிச்சு, ட்ரஃப் பத்தல, உன்னுதையும் சேத்துட்டேன். சொல்லியிருக்கணும்." 121 கிலோ வந்தபோது நானும் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஜூலையிலிருந்து மறுபடி சனி இரவுகள் மட்டும். இந்த முறை முழுப் பக்கம் எழுதினோம். ஒவ்வொரு தொகுதிக்கும் கொழுந்து எத்தனை, தூள் எத்தனை என்று இருவரும் கையெழுத்திட வேண்டும்; நாலரைக் கணக்கில் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால், கூடினாலும் குறைந்தாலும், நடுவரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுவது கட்டாயம் என்று போட்டதால் யாருக்கும் வெட்கம் இல்லை. நடுவர், தியத்தலாவையில் ஓய்வாக இருக்கும் ஒரு பழைய டீமேக்கர். இருவருக்கும் சொந்தமில்லை, இருவரையும் அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கூலி எவ்வளவு என்று கேட்டோம். பஸ் காசும், தகராறு வந்த தொகுதியில் அரைக் கிலோ தூளும் என்றார். "கலந்த தூள்னா வேணாம்" என்று கதவு வரை வந்து சொல்லிவிட்டுப் போனார்.